அக்காவின் வலது கண்

கொஸ்லந்தையை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில் எங்கள் அக்கா மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா இளவயதிலேயே காலமாகிவிட, அக்கா படிப்பை நிறுத்திக் கொழுந்துக்கூடையை மாட்டிக்கொண்டார். தங்கையான நான் ஆசிரியையானது அவர் உழைப்பால்தான். கோபம் வந்தாலும் அக்கா பேசமாட்டார். அன்றைய தேநீரில் சீனி குறையும், அவ்வளவுதான்.

ஒரு தீபாவளிக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கையில், வாளியில் கொதித்த சுண்ணாம்பு அவரது வலது கண்ணில் தெறித்தது. அயலவர்கள் குழாயடியில் தலையைப் பிடித்து விடாமல் நீர் ஊற்றினார்கள். பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எத்தனை மருந்து விட்டும் கருவிழிப் புண் ஆறவில்லை.

யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் விளக்கினார். "வயித்துக்குள்ள குழந்தையைச் சுத்தி ஒரு மெல்லிய சவ்வு இருக்கும் அம்மா. ஒப்பரேசன்ல பிள்ளை பெறுற தாய்மார் தந்தால், அதைச் சோதிச்சு, சுத்தம் செய்து வைச்சிருப்பினம். அதைப் புண்ணுக்கு மேல வைச்சுத் தைச்சால் ஆறும்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிரசவத்தோடு புதைக்க வேண்டியதைக் கண்ணில் வைப்பதா என்று தயங்கினார். அவரது தலைப்பிள்ளை பிறந்தபோதே இறந்திருந்தது. டொக்டர் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அந்தப் புள்ள உசுரோட இருக்குங்களா?"

"எனக்கு அந்தப் பிள்ளையைத் தெரியாது. ஆனா சுகமா நடந்த பிரசவத்தில இருந்துதான் எடுக்கிறவை."

"அப்படின்னா வைங்க."

புண் ஆறியது. வலி போனது. பார்வையில் மட்டும் ஒரு மூட்டம் தங்கிவிட்டது. ஆனாலும் துணையின்றி மலையேறிக் கொழுந்து பறித்தார்.

சில ஆண்டுகள் கழித்து அவர் மகளுக்கு ஒப்பரேசன் மூலம் பிரசவம் என்றானது. சவ்வைத் தர விருப்பமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். "புள்ளைக்கு ஆகாதுங்க" என்று மகளின் மாமியார் மறுத்தார். சம்பந்தி முன் ஒருநாளும் வாய் திறவாத அக்கா அன்று பேசினார்.

"என் கண்ணுல இருந்துச்சுங்க அது. குடுத்தவ யாருன்னு தெரியாது. பெத்துக்கப் போறவ இவதான், இவளையே கேளுங்க."

மகள் சம்மதித்தார்.

இருதய நோயால் கடைசி மாதங்களில் அக்கா மெலிந்துபோனார். மகளின் மடியில் தலைவைத்தபடியே அமைதியாகக் கண்மூடினார்.

மழைச் சேற்றில் அவரைச் சுமந்து வந்த லயத்து உறவுகளுக்கும், வைத்தியர்கள், தாதியருக்கும், தூரத்திலிருந்து வந்து எங்களோடு இருந்தவர்களுக்கும் குடும்பத்தாரின் நன்றி. பெயர் அறியாத ஒரு தாய்க்கும் அந்த நன்றி சேரட்டும். நீங்கள் அனைவரும் பிள்ளைகுட்டிகளோடு நலமாக இருங்கள்.