உப்பில் ஊறிய பாதிச் செங்கல்

என் மகளின் நான்காம் வகுப்பு சயின்ஸ் ஃபேருக்கு ஆறு வாரம் இருக்கும்போது, தன் தங்கையின் பிரசவத்துக்காக என் மனைவி ஊருக்குப் போனாள். தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்கிற ஊரில் ஓர் அபார்ட்மென்ட்டின் இரண்டாவது மாடியில் இருந்தோம். மனைவி மருந்து கம்பெனி லேபில் வேலை பார்ப்பவள். ஸ்கூல், ப்ராஜெக்ட், சயின்ஸ் எல்லாம் அவள் பொறுப்பு. நான், இரண்டாயிரமாம் ஆண்டு பிறப்பதற்குள் பழைய கம்ப்யூட்டர் புரோகிராம்களைத் தோண்டி, இரண்டு இலக்கத்தில் கிடந்த வருடங்களை நான்கு இலக்கமாக மாற்றிக்கொண்டிருந்தவன். எங்கே எண் தப்பாக இருக்கிறதோ அங்கே போய்த் திருத்துவதுதான் பிழைப்பு.

ப்ராஜெக்டுக்கான கேள்வியை மகளே கண்டுபிடித்தாள். அந்தக் குளிர்காலத்தில் அவளுடைய ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ மட்டும் காயவே மாட்டேன் என்றது. பார்க்கிங் லாட்டில் ஐஸ் உருகுவதற்காகத் தூவியிருந்த உப்பில் மிதித்து நனைந்த ஷூ அது. ஹீட்டர் பக்கத்தில் வைத்தும் இரண்டு மூன்று நாள் சில்லென்றே இருந்தது. உப்புத் தண்ணீர் மெதுவாகத்தான் காயுமா? இதுதான் அவள் கேள்வி.

ஹார்ட்வேர் கடையில் ஒரு சிவப்புச் செங்கல் வாங்கினோம். இரண்டு வாங்கலாம் என்றேன். வேண்டாம், ஒரே கல்லை இரண்டாக உடைக்கவேண்டும் என்றாள். அப்போதுதான் உள்ளே இருக்கும் ஓட்டைகள் ஒரே மாதிரி இருக்குமாம். ஒன்பது வயதுப் பெண்ணுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. ஒரு பாதியை வெறும் தண்ணீரிலும், இன்னொன்றை உப்பு இனிமேல் கரையாது என்கிற அளவுக்குக் கரைத்த தண்ணீரிலும் ஒரு நாள் முழுக்க ஊறவைத்தோம். பிறகு இரண்டையும் தனித்தனித் தட்டில் வைத்து, தினமும் காலையில் ஸ்கூல் பஸ் வருவதற்கு முன் தட்டோடு சமையலறைத் தராசில் எடை பார்த்து நோட்டில் எழுதுவாள்.

வெறும் தண்ணீர்க் கல் மளமளவென்று எடை குறைந்து ஒரு வாரத்துக்குள் காய்ந்துவிட்டது. உப்புக் கல் முதல் நாள் கொஞ்சம் குறைந்தது, மறுநாள் அதைவிடக் கம்மி, அப்புறம் இழுத்துக்கொண்டே போனது. ஐந்தாம் நாள் காலை அவள் போட்ட கத்தலில் ஷேவிங்கைப் பாதியில் விட்டு ஓடிவந்தேன்.

"அப்பா! இட்ஸ் க்ரோயிங் ஹேர்!"

உண்மையாகவே முளைத்திருந்தது. கல்லின் மேல்பக்கம் முழுக்க வெள்ளை வெளேரென்று, பூனைக்குட்டியின் ரோமம் போல மெல்லிய உப்பு இழைகள். உள்ளே இருந்த தண்ணீர் ஒவ்வொரு துளையின் வாய்க்கும் ஏறி வந்து, தான் மட்டும் காற்றோடு போய், சுமந்து வந்ததை வாசலிலேயே விட்டிருந்தது. அப்படி விட்ட உப்பே பின்னால் வரும் தண்ணீருக்குச் சாத்திய கதவாகிவிட்டது. இரண்டு பேரும் மூச்சுக்காற்று பட்டால் உடைந்துவிடுமோ என்று பயந்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று பஸ்ஸை விட்டுவிட்டோம்.

நான்காவது வாரம், ஹீட்டரை அணைத்துவிடலாம் என்கிற மாதிரி வெயில் வந்தது. ஜன்னல்களைத் திறந்துவைத்தோம். அதற்கு அடுத்த நாளே மழை பிடித்து மூன்று நாள் விடவில்லை. மூன்றாம் நாள் காலை மகள் நோட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். உப்புக் கல் எட்டு கிராம் ஏறியிருந்தது.

"தப்பா படிச்சிருப்ப," என்றேன். "நேத்து நம்பரவிட ஒண்ணு ரெண்டு கம்மியா போட்டுடு. கிராஃப் நேரா வரும்."

"தட்ஸ் லையிங், அப்பா."

"லையிங் இல்லடா, கரெக்ட் பண்றது. காய வெச்ச கல்லு எப்படி வெயிட் ஏறும்? பக்கத்துல தண்ணி சிந்திட்டியா?"

"நோ!" கண் கலங்கியது, ஆனால் அழவில்லை. தராசை என் பக்கம் தள்ளினாள். "யூ வெய் இட்."

வைத்தேன். அதே எண். இறக்கி, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறுபடி வைத்தேன். அதே எண். காய்ந்த பாதியை வைத்துப் பார்த்தேன், அது கிட்டத்தட்ட இருந்தபடியே இருந்தது. அதற்கப்புறம்தான் கல்லையே பார்த்தேன். ரோமம் முழுக்கப் படுத்துவிட்டிருந்தது. மேல்பக்கம் வியர்த்த மாதிரி மினுமினுத்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புத் தண்ணீர். யாரும் ஊற்றாத தண்ணீர்.

ஜன்னலுக்கு வெளியே மழை. உள்ளே ஒரு சொட்டுகூட விழவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் அறைக்குள் இருந்த ஈரத்தை அந்தக் கல் குடித்திருக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் கை ரோமம் நிற்பதை மகள் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு ஃபோன் பண்ணியபோது முதலில் இதைத்தான் சொன்னேன்.

"இதுக்கா இவ்ளோ எக்ஸைட் ஆகறீங்க?" என்றாள் மனைவி. "மழை நாள்ல உப்பு ஜாடி தண்ணி விட்டுக்காதா? நீங்க கிச்சன் பக்கம் வந்தாத்தானே தெரியும்."

"அது ஏன் அப்படி?"

"உப்பு தண்ணிய இழுத்துப் பிடிச்சுக்கும். காத்து ட்ரையா இருந்தா முனகிக்கிட்டே விடும். காத்துல ஈரம் ஜாஸ்தியாச்சுன்னா அதையும் சேத்து இழுத்துக்கும். அவ்ளோதான்."

அவளுக்கு அவ்வளவுதான். நான் ஃபோனை வைத்துவிட்டு மகளிடம் போய், "நீ எழுதினதுதான் ரைட். நான் மாத்தச் சொன்னது தப்பு," என்றேன். "ஐ நோ," என்றாள், கிராஃபுக்குக் கலர் அடித்துக்கொண்டே. மேலே ஏறுகிற அந்தக் கடைசித் துண்டுக்கு மட்டும் சிவப்பு.

சயின்ஸ் ஃபேரில் யாரோ செய்த எரிமலை மாடலுக்குத்தான் முதல் பரிசு. ஒரு ஜட்ஜ், வெள்ளைத் தலைமுடி அம்மாள், எங்கள் மேசை முன்னால் நின்று சிவப்புக் கோட்டைக் காட்டி, இது பிழையில்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். மூன்று முறை எடை பார்த்தோம் என்றாள் மகள். அந்த அம்மாள் குனிந்து கல்லை வெகு நேரம் பார்த்தார். பிறகு இன்னொரு ஜட்ஜைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார்.

மனைவி வந்த பிறகு இரண்டு பாதிகளும் பால்கனியில் கிடந்தன. கோடை முழுக்க மழை நாளில் குடிப்பதும் வெயில் நாளில் காய்வதுமாக அந்த உப்புக் கல் இருந்தது. செப்டம்பரில் நகர்த்தலாம் என்று தூக்கினேன். அதன் மூலை என் கையிலேயே உதிர்ந்து சிவப்புப் பொடியாகக் கொட்டியது. சூளையில் வெந்த கல். தண்ணீரில் கரைந்துபோகிற உப்பு, உள்ளே இண்டு இடுக்கெல்லாம் உட்கார்ந்து, கரைந்தும் மறுபடி வளர்ந்தும் அதைப் பிளந்திருக்கிறது. பக்கத்தில் இருந்த மற்ற பாதி கடையில் வாங்கின மாதிரியே இருந்தது. மகளைக் கூப்பிட்டேன். அவள் ஸ்கூல் பையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து, அந்தப் பொடியை விரல்களுக்கிடையே தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.