சாமி வராத வருஷம்

போன வருஷத்துக்கு முந்தின சித்திரையில் என்மேல் மாரியம்மன் வந்ததாக எங்கள் தோட்டத்தில் இன்னும் சொல்கிறார்கள். வந்தது அம்மன் இல்லை. நான் ஐந்து நாளாக விழுங்காமல் விட்ட மாத்திரை. இதைத் தோட்டத்தில் ஒரே ஒரு ஆளிடம் சொல்வதற்கு எனக்கு ஆறு மாதம் பிடித்தது. எழுத இன்னும் அதிகம் பிடித்திருக்கிறது.

ஹட்டனிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் ஏறினால் வருகிற தோட்டம் எங்களுடையது. லயத்து வரிசை வீட்டில் எங்கள் காம்பராவுக்கு முன்னால் உள்ள இஸ்தோப்புத் திண்ணையைத் தகரத்தால் மறைத்து, அங்கே மெஷின் போட்டிருக்கிறேன். ஜாக்கெட், பாவாடை, பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை, எல்லாம் தைப்பேன். வீட்டுக்காரர் நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறார். வாரத்தில் மூன்று நாள்தான் வீட்டில் இருப்பார்.

எங்கள் பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. அதற்குப் பிறகு எட்டு மாதம் மெஷினைத் தொடவில்லை. குளிக்கவில்லை என்று சொல்லவும் எனக்கு வெட்கம் இல்லை. வீட்டுக்காரர்தான் லொறிக்கு லீவு போட்டு, கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டொக்டர் கொடுத்த கெப்சூல் இரண்டு மாதத்தில் என்னை எழுப்பி உட்கார வைத்தது. அந்த மருந்தைப் பற்றி இன்றைக்கும் யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். ஆனால் அப்போது லயத்தில் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். நூல் கண்டு வைக்கிற பிஸ்கட் டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். "பைத்தியக் குளிசை" என்று ஒருத்தி சொன்னால் போதும், மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும்.

ஒன்றரை வருஷம் நன்றாக இருந்தேன். திருவிழா வந்தது. பிள்ளை போனபோது எங்கள் அம்மா எனக்காக வைத்த நேர்த்தி ஒன்று பாக்கி இருந்தது, பால்குடம். காப்புக் கட்டினால் ஐந்து நாள் கவிச்சி கூடாது, செருப்புக் கூடாது, எச்சில் பாத்திரம் கூடாது. எல்லாம் எனக்குப் பழக்கம்தான். காப்புக் கட்டுவதற்கு முதல் நாள் ஜாக்கெட் வாங்க வந்த ஒரு பிள்ளை, போனில் வந்த ஒரு வீடியோவைக் காட்டியது. கெப்சூலின் மேல்தோலை மாட்டு எலும்பில் செய்கிறார்களாம். அந்தப் பிள்ளை சும்மா ஒரு அதிசயமாகத்தான் காட்டிவிட்டுப் போனது. நான் போய் டின்னைத் திறந்து பார்த்தேன். கையில் மஞ்சள் காப்பைக் கட்டிக்கொண்டு மாட்டு எலும்பை விழுங்குவதா? டொக்டரிடம் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஐந்து நாள்தானே, மாரியம்மா பார்த்துக்கொள்வாள் என்று டின்னை மூடி வைத்தேன்.

இரண்டாம் நாளே தலைக்குள் கரண்டு அடித்தது. வேறு மாதிரி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினால் மண்டைக்குள் 'சர்' என்று ஒரு இழுப்பு, நாக்கு நுனி வரைக்கும். மூன்றாம் நாள் வாந்தி. விரதம் என்று நினைத்தேன். நான்காம் நாள், ஊசியில் நூல் கோர்க்க முடியாததற்காக அரை மணி நேரம் அழுதேன். பனி கொட்டுகிற காலையில் முதுகெல்லாம் வியர்த்தது. அப்போதும் எனக்கு டின் ஞாபகம் வரவில்லை. வந்தது, பொய் சொல்லக் கூடாது. வந்ததைத் தள்ளிவிட்டேன்.

ஐந்தாம் நாள் ஆற்றங்கரையிலிருந்து பால்குடம் ஏறியது. என் பக்கத்தில் அடுத்த காம்பரா அக்கா வந்தாள். மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிறவள், தனி ஆள். ஒரே மகன் கட்டாருக்குப் போய் எட்டு மாதமாகப் போன் இல்லை. தப்பு அடிக்கிறவர்கள் எங்களுக்கு நேர் முன்னால் நடந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் எனக்குள் ஒரு 'சர்'. கோயில் வளைவில் கால் நடுங்கியது, உடம்பு ஆடியது, கண்ணீர் நிற்கவில்லை. குடத்தை அக்கா பிடித்துக்கொண்டாள். பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரி ஓடி வந்து நெற்றியில் விபூதியை அப்பினார்.

"யாரு தாயே வந்திருக்க?"

யாரும் இல்லை, எனக்குத் தலை சுற்றுகிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். பல் தந்தியடித்ததில் வெறும் சத்தம்தான் வந்தது. அக்கா என் காலைப் பிடித்துக்கொண்டு ஈர மண்ணில் விழுந்தாள்.

"எம் மகன் எப்ப வருவான்னு சொல்லு தாயே! ஒரு வார்த்தை சொல்லு!"

எல்லோரும் விலகிப் போனால் போதும் என்று இருந்தது எனக்கு. அதற்காகத்தான் சொன்னேன். "வருவான். தை பொறந்தா வருவான்."

அன்றைக்கு வீட்டுக்காரர் வந்து விஷயம் கேள்விப்பட்டு, நேராக நூல் டின்னைத் திறந்து பார்த்தார்.

"இது அப்படியே இருக்கு. நீ போடலயா?"

"காப்புக் கட்டியிருந்தேங்க. அது மாட்டு எலும்பாம்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஏ புள்ள, ஒனக்கு ஏறுனது சாமியில்ல" என்று மட்டும் சொன்னார்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் சிங்களவர், எங்கள் தமிழை அங்கங்கே தொட்டுப் பேசுவார். நான் சொல்லி முடித்ததும், "அய் மட்ட கிவ்வே நெத்தே?" என்றார். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டதில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. தோல் இல்லாத மாத்திரையும் இருக்கிறதாம், கேட்டிருந்தால் மாற்றியிருப்பாராம். திடீரென்று விட்டால் உடம்பு இப்படித்தான் சண்டை போடும், பழையபடி போடத் தொடங்கு என்றார்.

"எனக்கு நிப்பாட்டணும் டொக்டர்" என்றேன்.

"ஏன்? ஊர் பேசும் என்றா?"

கொஞ்சம் யோசித்தேன். ஊர் பேசும் என்பதும் இருந்தது. ஆனால் அதற்கும் கீழே வேறொன்று இருந்தது. "அது இல்லாமயும் நான் இருக்கேனான்னு பாக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. முதலில் உடம்பு சமப்படட்டும், அப்புறம் அவர் சொல்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம், பழைய துக்கம் திரும்பி வந்தால் மறைக்காமல் வந்து சொல்ல வேண்டும், திரும்பவும் போட வேண்டி வந்தால் அதில் அவமானம் இல்லை. இந்த நாலுக்கும் என்னிடம் தலையாட்டல் வாங்கிக்கொண்டுதான் எழுதிக் கொடுத்தார்.

என்னிடம் ஒரு அளவுப் புத்தகம் உண்டு. தோட்டத்தில் பாதிப் பேருடைய மார்பளவும் இடுப்பளவும் கையளவும் அதில் இருக்கிறது. அதில் எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். டொக்டர் சொன்ன அளவு, குறைத்த தேதி, அன்றைக்குத் தலை எப்படி, தூக்கம் எப்படி. ஜாக்கெட்டைச் சின்னதாக்கக் கொண்டு வருகிறவர்கள் ஒரேயடியாகப் பிடிக்கச் சொல்வார்கள். நான் கேட்க மாட்டேன். கால் அங்குலம் பிடித்து, போட்டுப் பார்க்கச் சொல்லி, அப்புறம்தான் அடுத்த கால் அங்குலம். ஊரார் ஜாக்கெட்டுக்குக் காட்டிய பொறுமையை என் மண்டைக்கும் காட்டுவது என்று முடிவு பண்ணினேன்.

முடிவு பண்ணுவது சுலபம். ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் ஒரு வாரம், பத்து நாள் ஆட்டிப் பார்க்கும். பக்கத்தில் பார்க்க வேண்டும் என்றால் கண்ணை மட்டும் திருப்பாமல் உடம்போடு திரும்பப் பழகினேன். "என்னா, கழுத்துல சுளுக்கா?" என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். ஆட்டம் உள்ள நாளில் ஜாக்கெட்டைத் தொடாமல் தலையணை உறை மட்டும் தைத்தேன், நேர்த்தையல் அல்லவா. ஆடி மழையில் ஒரு முறை தாங்க முடியாமல் போனது. வீட்டுக்காரர் சோற்றில் உப்பு இல்லை என்றதற்குச் சட்டியோடு வெளியே வீசினேன். டொக்டர் ஒரு படி பின்னால் போகச் சொன்னார். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது ஆத்திரத்தில் அழுதேன். வீட்டுக்கு வந்து புத்தகத்தில் பழைய அளவையே திரும்ப எழுதினேன். எழுதும்போது பேனா பேப்பரைக் கிழித்துவிட்டது. பரவாயில்லை, அடுத்த மாதம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன், சத்தமாக.

தீபாவளி நெருக்கத்தில் டீச்சர் ஒருவரின் ஜாக்கெட்டுக்கு இடது கையை வலதில் வைத்துத் தைத்துவிட்டேன். போட்டுப் பார்த்தவர் கையைத் தூக்கவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் நின்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை போனதற்குப் பிறகு நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. டீச்சருக்கு அது பிடிக்கவில்லை.

அதே வாரம் அக்கா ஒரு துணிப் பையோடு வந்தாள். நீலத்தில் கோடு போட்ட சட்டைத் துணி, ஹட்டனில் வாங்கியது.

"தங்கச்சி, அவன் அளவு ஒங்கிட்ட இருக்குல்ல. தைக்கு முன்ன தைச்சு வச்சிரு. காம்பராவுக்கு வெள்ளயும் அடிச்சிட்டேன்."

அளவு இருந்தது. அவன் போவதற்கு முன்னால் நான்தான் சட்டை தைத்தேன். துணியை விரித்தேன், சோக்கால் கோடு போட்டேன், கத்தரியை எடுத்தேன். வெட்ட முடியவில்லை. இரண்டு நாள் துணி மேசையிலேயே கிடந்தது. இதைச் சொன்னால் எனக்குப் பைத்தியப் பட்டம். சொல்லாமல் இருந்தால் அவள் தை முதலாம் தேதி கோலம் போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். மருந்தை விடுவது நான் நானாக நிற்பதற்கு என்று டொக்டரிடம் பெரிதாகச் சொன்னவள் நான்தான். அந்த 'நான்' ஒரு தாயை ஏமாற்றிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள், அவள் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து முகம் கழுவும்வரைக்கும் காத்திருந்தேன். நூல் டின்னைக் கொண்டுபோய் அவள் முன்னால் திறந்து வைத்தேன்.

"அக்கா, அன்னிக்கு எனக்கு சாமி வரல. இந்தக் குளிசைய நிப்பாட்டினதால ஒடம்பு ஆடுச்சு. நான் மனசுக்கு மருந்து எடுக்கிறேன், ரெண்டு வருஷமா. தை மாசம்னு நான் சொன்னது வாய்க்கு வந்தது. எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான் காலப் புடிச்சது?" என்றாள்.

"என் காலத்தான்க்கா."

"எந்திரிச்சுப் போ." சத்தம் போடவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

மார்கழி முழுக்கப் பேச்சில்லை. பைப்படியில் நான் குடம் வைத்தால் அவள் தன் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். யாரிடமும் சொல்லவும் இல்லை, அதை நான் கவனித்தேன். கடைசிப் படியையும் தாண்டி, தை பிறந்த இரண்டாம் நாள் மருந்து முழுக்க நின்றது. அந்த வாரம் வாந்தியும் தலைச்சுற்றலுமாகப் படுத்திருந்தேன், வீட்டுக்காரர் லொறியில். கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தாள். ஒரு சட்டி மிளகு ரசத்தை அடுப்புக்கு மேலே வைத்தாள்.

"அவன் வரல" என்றாள்.

"தெரியும்க்கா."

"குடி. ஆறிப்போகும்." அவ்வளவுதான். ஆனால் மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும். மாசியில் கட்டாரிலிருந்து லீவில் வந்த ஒருவர், அவனை அங்கே பார்த்ததாகவும் வேலை மாறிவிட்டான் என்றும் சொன்னார். நம்பர் இல்லை. அந்தச் செய்தியை அவள் எனக்குத்தான் முதலில் வந்து சொன்னாள்.

திரும்பவும் சித்திரை. இந்த முறை நேர்த்தி என்னுடையது, நானே வைத்தது. காப்புக் கட்டினேன், பால்குடம் எடுத்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்தபடி வந்தாள். அதே வளைவு, அதே தப்புச் சத்தம். கால் கல்லில் குத்தியது, மூச்சு வாங்கியது. தலைக்குள் ஒன்றும் இல்லை. வேண்டுமென்றே கண்ணைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தேன். தேயிலை, பனி, வரிசையாகச் சனங்கள், அவ்வளவுதான் தெரிந்தது. பூசாரி விபூதித் தட்டோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சனமும் பார்த்தது. அம்மன் எங்கே வராமல் போய்விடுவாளோ என்று அவர்களுக்குக் கவலை.

அக்காவும் பார்த்தாள். எல்லாம் தெரிந்தவள், டின்னைக் கண்ணால் கண்டவள். அப்படியும் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லத் தோணலயாடி?"

எட்டு மாதம் மருந்தைக் குறைத்ததில் பட்ட கஷ்டமெல்லாம் இந்த ஒரு நிமிஷத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. 'வருவான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும்.

"இல்லக்கா. எனக்குத் தெரியாது."

அவள் முழங்கையை விடவில்லை. நாங்கள் வளைவைத் தாண்டிப் படி ஏறினோம். பால் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அம்மனுக்கு முன்னால் குடத்தை இறக்கிய பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு அந்தத் துணிய வெட்டு. ஒடம்பு வச்சிருப்பான். உள்ளுக்குத் தாராளமா துணி விட்டுத் தை, வந்த பொறகு பிரிச்சுக்கலாம்."

மறுநாள் காலையில் வெட்டினேன்.