மூட்டில் கசிந்த இலத்திரன்கள்

அந்தப் பக்கத்தை அறிக்கையிலிருந்து எடுத்தது நீங்கள்தான் சேர். நானில்லை.

நான் உங்கள் உதவியாளனாக இருந்தபோது, வெளிநாட்டு ஆய்வுகூடமொன்று கட்டவிருந்த உயர் மின்னழுத்தக் கடத்திக்கு நாம் கணக்குப் பார்த்தோம். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் துடிப்பாக மின்சாரம் அதில் பாயும். அந்த மின்னழுத்தத்தில், எதிரெதிரே நிற்கும் இரண்டு தகடுகளில் ஒன்றிலிருந்து இலத்திரன்கள் பிய்த்துக்கொண்டு கிளம்பும். ஓட்டத்தின் காந்தப்புலம் அவற்றை மடக்கி, தகட்டோரமாகவே மெல்லிய படலமாக ஓடவைக்கும். கடத்திகள் சேரும் மூட்டில் புலம் பலவீனம். அங்கே எவ்வளவு மற்றத் தகட்டுக்குத் தாவி வீணாகும்? அதுதான் கேள்வி.

கணினிக்காகத் தகடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். கட்டம் படலத்தைவிடப் பெரிதானால் கணினிக்குப் படலமே தெரியாது. சிறு கட்டமென்றால் பதினொரு நாள் ஓட வேண்டும். வெள்ளவத்தையிலோ ஒவ்வொரு நாளும் கரண்ட் வெட்டு. வாடகை அறையில் மணிக்கொரு தடவை நிறுத்திச் சேமித்தேன். வீட்டுக்கார அன்ரி தேத்தண்ணியோடு எட்டிப் பார்ப்பா.

"என்ன தம்பி, உம்மட இலத்திரன் இன்னும் கரை சேரேல்லையோ?"

"கரண்ட் போகாட்டிச் சேரும் அன்ரி."

"அப்ப உமக்குக் கலியாணமும் அப்பிடித்தான்."

பாதிக் கணக்கிலேயே மூட்டில் கசிவு தெரிந்தது. அந்தப் படத்தை அச்சடித்து, பம்பலப்பிட்டியில் பஸ் மாறி, உங்கள் மேசையில் வைத்தேன்.

"இவ்வளவு நுணுக்கம் ஏன் தம்பி? பெரிய கட்டம் போடும். வெள்ளிக்கிழமை அனுப்பவேணும்."

"பெரிய கட்டத்தில கசிவு தெரியாது சேர்."

"தெரியாட்டி நல்லதுதானே!"

அறையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெரிய கட்டமும் போட்டேன். அது என் பிழை. ஆனால் கசிவுப் படத்தைப் பின்னிணைப்பாகச் சேர்த்திருந்தேன். அந்தப் பக்கம் அறிக்கையில் இல்லை என்பதை அனுப்பிய பிறகுதான் கண்டேன். கேட்கவில்லை. களைத்திருந்தேன்.

கட்டி முடித்தவர்களுக்கு மூட்டில் ஓட்டம் குறைந்தது. தகடு அரித்துப் போனது. ஆண்டுக் கூட்டத்தில் மேடையேறி, "உதவியாளரின் கவனக்குறைவு" என்றீர்கள். நான் ஐந்தாவது வரிசையில் இருந்தேன். அதற்குப் பிறகு எவரும் என்னிடம் கணக்குத் தரவில்லை. இப்போது கொட்டாஞ்சேனையில் ரியூஷன் கொடுக்கிறேன். இலத்திரன் பாடத்தை மட்டும் கடைசிக்குத் தள்ளிவிடுகிறேன்.

எனக்குத் தனியாகக் கடிதம் எழுத வேண்டாம். அதே கூட்டத்தில், அதே ஒலிவாங்கியில், எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள்: பெரிய கட்டம் போடச் சொன்னது யார்? அந்தப் பக்கத்தை எடுத்தது யார்?