பெல்லட் மாட்டித் தருகிறேன், வாங்க

தூண்டில் கடையில் வேலைக்குச் சேர்ந்தால் முதலில் போவது நம் மேல் இருக்கிற நல்ல வாசனை. கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கும் எல்லாரும் இதைப் புரிந்துகொள்வீர்கள். துணிக்கடைக்காரர்களுக்குச் சாயம், ஹோட்டல்காரர்களுக்கு எண்ணெய், எனக்கு மீன்தூள்.

நான் ஈரோட்டுப் பக்கம். வீட்டில் மீன் சமைக்கிற வழக்கமே இல்லை. கணவரின் வேலைக்காக நியூ ஜெர்சிக்கு வந்து, வொர்க் பெர்மிட் கைக்கு வந்ததும், பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்ட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் கிடைத்த முதல் வேலை இது. கடைக்குப் பின்னாலேயே கால்வாய். அதில் கெண்டை மீன் கொழுத்துக் கிடக்கும். இங்கே அதை கார்ப் என்பார்கள். பிடித்து, போட்டோ எடுத்து, முத்தம் கொடுக்காத குறையாகத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். எதற்குப் பிடிக்கிறார்கள் என்று கேட்கக்கூடாது. கேட்டால் கடை ஓடாது.

வெறும் கொக்கி

எங்கள் கடையில் அதிகம் விளக்க வேண்டியிருப்பது ஹேர் ரிக். கொக்கியின் அடியில் முடி மாதிரி ஒரு துண்டு நூல் தொங்கும். தீனியை அந்த நூலில்தான் கோக்க வேண்டும், கொக்கியில் இல்லை. பெல்லட் என்கிற மீன்தூள் உருண்டையில் ஓட்டை இருந்தால் ஒரு குட்டி ஊசியில் குத்தி நூலை இழுத்து, கீழே நழுவாமல் ஒரு தடுப்பு வைக்கலாம். ஆரி வேலை செய்த கைகளுக்கு அந்த ஊசியைப் பார்த்ததும் சிரிப்பு வரும். அதே வளைந்த மூக்கு.

மதுரைக்காரப் பையன் ஒருவர், சுரேஷ், கல்யாணமாகி ஆறேழு மாதம் இருக்கும், வீடியோ பார்த்து மீன் பிடிக்க வந்தவர். பெல்லட்டைக் கொக்கியிலேயே குத்திக் குத்தி ஒரு பாக்கெட்டையே பொடியாக்கிவிட்டு என் முன்னால் நின்றார். நான் நூலில் கோத்துக் காட்டினேன்.

"அப்ப கொக்கி வெறுமனே இருக்குமேக்கா, மீன் பாத்துராதா?"

"அது பாத்துச் சாப்பிடறதில்லைங்க. அப்படியே உறிஞ்சி உள்ள இழுக்கும். ஏதோ உறுத்துதேன்னு வெளிய துப்பும். துப்பறப்பதான் கொக்கி உதட்டுல மாட்டும்."

சுரேஷ் அந்தப் பெல்லட்டைக் கொஞ்ச நேரம் ஆட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "எங்க வீட்ல உப்புமாவைத் துப்புனப்ப நானும் இப்படித்தேன்க்கா மாட்டுனேன்."

அம்மா ஹேர் பண்றாங்க

என் மகளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். ஒரு பிறந்தநாள் பார்ட்டியில் யாரோ அவளிடம் அம்மா என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டிருக்கிறார்கள். நான் கடையில் ஹேர் ரிக் கட்டுவதை அவள் சுருக்கமாக, "மை மாம் டஸ் ஹேர்" என்று சொல்லிவிட்டாள். கேட்டவர்களுக்கு அது, அம்மா முடி அலங்காரம் செய்கிறவள் என்றுதான் காதில் விழும்.

அடுத்த சனிக்கிழமை காலை அந்தப் பார்ட்டிக்கு வந்திருந்த வெஸ்ட் வின்ட்சர் சாந்தி ஆன்ட்டி, அலங்கரித்த மகளையும் அழைத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். மதியம் அரங்கேற்றம். ஜடை பின்னுகிறவர் கடைசி நிமிஷத்தில் வரமுடியாது என்றுவிட்டாராம். உள்ளே ஒரு பக்கம் உயிருள்ள புழு டப்பா, மறுபக்கம் வலை. நடுவில் முழு மேக்கப்போடு ஒரு பரதநாட்டியப் பெண். மீன்பிடி லைசென்ஸ் வாங்க வந்தவர்கள் எல்லாம் வழிவிட்டு நின்றார்கள்.

நான் கட்டுவது தூண்டில் நூல்தான், ஜடை இல்லை என்று சொன்னதும் ஆன்ட்டிக்கு அழுகை வரும்போல ஆகிவிட்டது. வந்த குழந்தையை எப்படி அனுப்புவது? ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். சவுரி வைத்துப் பின்னி, நழுவாமல் இருக்க நடுவில் தூண்டில் நூலால் நாலு முடிச்சு போட்டேன். பெரிய கெண்டையே அறுக்க முடியாத நூல். அரங்கேற்றம் அமோகமாக நடந்ததாம். ராத்திரி ஆன்ட்டி போன் செய்தார். நன்றி சொல்லத்தான் என்று நினைத்தேன்.

"ஜடை பிரமாதம், சுமதி. ஆனா அதை எப்படிம்மா அவுக்கிறது?"

ஆபீஸ் சட்டையில் மீன் வாசம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கும்போது பதறாதீர்கள்: எங்கள் கடை வாடிக்கையாளர் கார்த்திக்குக்கு டெக்சாஸில் வேலை கிடைத்துவிட்டது.

ஆனால் அதற்கு முன்னால் அவர் வாரநாட்களில், காலையில், இஸ்திரி போட்ட சட்டையோடும் லேப்டாப் பையோடும் கடைக்கு வர ஆரம்பித்தார். அந்த நேரத்துக்கு அந்தச் சட்டையோடு யாரும் மீன் பிடிக்க வரமாட்டார்கள். நான் கேட்கவில்லை. ஒருநாள் அவரே, பெல்லட்டை மீன் எண்ணெயில் ஊற வைப்பது பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவர், அதே குரலில், "வேலை போயிடுச்சுக்கா. வீட்ல இன்னும் சொல்லல" என்றார். விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் நாடும் போகிற மாதிரிதான், உங்களுக்கே தெரியும். பாதி நாள் இன்டர்வியூ, பாதி நாள் கால்வாய் என்று ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை அவர் மனைவி வித்யா வந்தாள். கையில் எங்கள் கடை ஸ்டிக்கர் ஒட்டிய சின்ன டப்பா. "இது அவர் லேப்டாப் பையில இருந்துச்சு. சட்டையெல்லாம் மீன் வாசம். கார்த்திக்னு யாராவது இங்க வர்றாராக்கா?"

அவர் சொல்லாததை நான் சொல்வதா? கொக்கி பாக்கெட்டுகளை எடுத்து எடுத்து அடுக்கினேன். அவள் மெதுவாக, "அவர் நல்லா இருக்காரா? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள். அதற்கு மேல் என்னால் அடுக்க முடியவில்லை. பின் கதவைத் திறந்து, அவர் தூண்டில் போடும் கால்வாய்ப் பாலத்தைக் காட்டினேன்.

மதியச் சாப்பாட்டு நேரம் வரை இருவரும் திரும்பி வரவில்லை. நான் தப்பு செய்துவிட்டேனோ என்று பின் கதவை எட்டி எட்டிப் பார்த்தேன். பிறகு இருவரும் சேர்ந்தே வந்தார்கள். அவருக்கு முழங்கால் வரை சேறு. கண் சிவந்திருந்தது. அவள் துப்பட்டா நனைந்து சொட்டியது, கையில் வலை. பெரிய மீனாம். இழுக்க முடியாமல் அவர் தடுமாற, இவள்தான் வலையோடு தண்ணீரில் இறங்கினாளாம்.

அவர் கை கழுவப் போனதும் வித்யா என்னிடம் குனிந்து சொன்னாள்: "வேலை போனது அவர் ஃப்ரெண்டோட வைஃப் சொல்லி அப்பவே தெரியும்க்கா. அவருக்கு மீன் பிடிக்கத் தெரியும்னுதான் இன்னிக்குத் தெரிஞ்சுது."

ரெடிமேட் பெல்லட்

ஓட்டை இல்லாத கெட்டிப் பெல்லட்டும் உண்டு. அதற்கு ஒரு பொடி ரப்பர் வளையம். இடுக்கியால் வளையத்தை விரித்து, பெல்லட்டை உள்ளே வைத்து விட்டுவிட வேண்டும், பிறகு வளையத்தை நூலில் மாட்டிக்கொள்ளலாம். கை கொஞ்சம் நடுங்கினாலும் வளையம் கடையின் மறுகோடிக்குப் பறக்கும்.

எங்களிடம் ஒரு இங்கிலாந்துத் தாத்தா வருவார். அவர் ஊர் ஆற்றில் பார்பெல் என்று மீசை வைத்த மீன் ஒன்று. அதன் போட்டோவைப் பர்ஸில் பேரன் போட்டோவுக்கு முன்னால் வைத்திருப்பார். இங்கே அது கிடையாது, கெண்டையை வைத்துச் சமாளித்துக்கொள்கிறார். சில மாதங்களாக அவர் கை நடுங்கியது. நான் மாட்டித் தரட்டுமா என்றால் கோபம் வரும். ஒருநாள் காரில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தனியாக உள்ளே வந்து, எனக்கு அந்த இடுக்கியைப் பிடிக்கக் கற்றுக்கொடு என்றார். மீன் பிடிப்பதையே வெறுக்கிற அம்மாள். அரை நாளில் என்னைவிட வேகமாக மாட்டினார். வீட்டில் மாட்டி டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்துவிடுவார். நான் அதைப் புதிதாக வந்த ரெடிமேட் சரக்கு என்று சொல்லித் தாத்தாவிடம் நீட்ட வேண்டும். பொய் சொல்கிற ஒவ்வொரு முறையும் எனக்குக் காது சூடாகும்.

இந்த வசந்தத்தில் தாத்தா டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவர் இங்கிலீஷில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "இதில் என் மனைவியின் ஹேண்ட் கிரீம் வாசம் வருகிறது. மீனுக்கும் பிடித்திருக்கிறது, எனக்கும் பிடித்திருக்கிறது, அவளிடம் மட்டும் சொல்லிவிடாதே."

மொத்தத்தில், மீன் பிடிக்கிற தொழிலில் இத்தனை காலம் இருந்தும் மீனால் எனக்கு இதுவரை ஒரு தொந்தரவும் வந்ததில்லை.