வாசப்படி இல்லாத மலை

மலை உச்சியில் வைத்து மகளைப் பார்க்கலாம் என்ற யோசனை என்னுடையதுதான். பின்னால் நடந்ததில் பாதிக்கு என் வீட்டுக்காரரைத் திட்டலாம், திட்டியும் இருக்கிறேன். ஆனால் யோசனை என் மண்டையில் உதித்தது.

எங்களுக்கு ஒரே பிள்ளை. நர்சிங் படித்துவிட்டு சுவிஸுக்கு வேலைக்குப் போனவள், அங்கே கூட வேலை பார்த்த கோட்டயத்துக் கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொண்டாள். கட்டிய பிறகுதான் சொன்னாள். மட்டாஞ்சேரியில் நாங்கள் மூன்று தலைமுறையாக இருக்கிற ராவுத்தர்கள். வெளியே மலையாளம், வீட்டுக்குள் தமிழ். விஷயம் தெரிந்ததும் ஜமாத்து ஆட்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் முன்னால் என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, "அவ வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். என் வாசப்படிய அவ மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

வேறு மனுஷனாக இருந்தால் ரெண்டு வருஷத்தில் மறந்திருப்பான். இவர் மிளகு கிடங்கில் எடை பார்க்கிறவர். இவர் சொன்ன எடையை பஜாரில் யாரும் இன்னொரு தராசில் வைத்துப் பார்த்ததில்லை. அந்தப் பெருமையிலேயே வாழ்கிற ஆள். சொன்னது சொன்னதுதான் என்று ஆறு வருஷம் ஓட்டினார். மதியம் அவர் லுஹர் தொழப் பள்ளிவாசலுக்குப் போகிற நேரத்தில் நானும் மகளும் போனில் பேசிக்கொள்வோம். அது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். தொழுகை முடிந்தும் பள்ளி வாசலில் நின்று பத்து நிமிஷம் கழித்துத்தான் வருவார். பாவி மனுஷன், மகள் பேசி முடிக்கட்டும் என்றுதான் நின்றிருக்கிறார்.

போன வருஷம் எங்கள் தெரு முக்கில் டிராவல்ஸ் வைத்திருக்கிற பெண் ஒரு நோட்டீஸ் கொடுத்தாள். பத்து நாள் ஐரோப்பா. அதில் ஒரு நாள் கேபிள் காரில் மலை உச்சிக்குப் போய்விட்டு சாயங்காலம் இறங்குவது. படத்தில் பனி, கம்பி, கண்ணாடிப் பெட்டி. மகள் இருக்கிற ஊரிலிருந்து அந்த மலை ரெண்டு மணி நேரம்தான் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டேன்: "ஏங்க, மலை உச்சிக்கு யாராவது வாசப்படி வச்சிருக்காங்களா?"

"என்ன உளர்ற?"

"அது உங்க வீடும் இல்ல, அவ வீடும் இல்ல. அல்லாஹ்வோட மலை. அங்க நீங்களும் நிக்கலாம், அவளும் நிக்கலாம். சொன்ன வாக்கும் போகாது."

அவர் எழுந்தார். கை கழுவினார், போய்ப் படுத்துவிட்டார். சரி, தொலைந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் சாயா குடிக்கும்போது தானாகக் கேட்டார்: "அந்தத் தொங்கு வண்டி எத்தன கிலோ தாங்கும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்படிக்குள் போய் அழுதேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. உச்சியில் ஒரு கேமரா வைத்திருக்கிறார்களாம், போனில் எந்நேரமும் பார்க்கலாம். இங்கே மழை கொட்டி ரோட்டில் முழங்கால் தண்ணீர் நிற்கும், இவர் போனைப் பிடித்துக்கொண்டு "அங்க நல்ல வெயில்" என்பார். சில நாள் வெறும் புகைமூட்டம்தான் தெரியும். அதையும் கால் மணி நேரம் பார்ப்பார். எஸ்கலேட்டரில் ஏறத் தெரியாமல் அங்கே போய் மானம் போகக் கூடாது என்று எர்ணாகுளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் மெட்ரோ ஸ்டேஷனில் ஏறி இறங்கப் பழக்கினேன். முதல் தடவை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். நாலாவது தடவை, "கைய விடுடி, எனக்குத் தெரியும்" என்றார்.

டூர் வண்டி பத்து மணிக்கு அடிவாரத்துக்கு வரும். மேலே மூன்று மணி நேரம் இருக்கலாம். மகள் அதற்கு முந்தின பெட்டியில் ஏறி, மேலே போய் நிற்க வேண்டும். மாப்பிள்ளை அடிவாரத்திலேயே இருந்துகொள்ள வேண்டும். இதெல்லாம் இவர் போட்ட சட்டம். நான் போனில் சொன்னேன், அவள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். எங்கே நிற்பது என்பதில்தான் தகராறு. மேலே ஒரு ஹோட்டல் இருக்கிறது, அதற்குள் நிற்கிறேன் என்றாள்.

"ஹோட்டலுக்கும் வாசப்படி இருக்கும்ல? வெளிய கம்பி போட்ட இடத்துல நிக்கச் சொல்லு" என்றார் இவர்.

"குளிருமே."

"குளிரட்டும்."

அரை மணி நேரம் கழித்து வந்தார். "சின்னதுல அவளுக்கு இளைப்பு உண்டு. உள்ளயே நிக்கச் சொல்லு. நான் வெளிய நின்னு கண்ணாடி வழியா பாத்துக்கறேன்."

இப்படிப்பட்ட மனுஷன்தான், விசா ஃபாரம் நிரப்பும்போது அந்த வேலையைச் செய்தார்.

எங்கள் வீட்டில் எழுத்து வேலை எல்லாம் என்னுடையது. ரேஷன் கார்டிலிருந்து கரண்ட் ஆபீஸ் வரைக்கும் அவர் சொல்வார், நான் எழுதுவேன், அவர் கையெழுத்துப் போடுவார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அன்றைக்கும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்லிச் சொல்லி இங்கிலீஷில் எழுதிக்கொண்டு வந்தேன். பிள்ளைகளோ கூடப்பிறந்தவர்களோ அந்த நாட்டில் இருக்கிறார்களா என்று ஒரு கேள்வி.

 "இல்லன்னு எழுது" என்றார். 

"என்னங்க இது?"

"ஆறு வருஷமா ஊர்ல எனக்குப் பிள்ளை இல்லன்னுதான சொல்றேன்? நாக்குல ஒண்ணு, தாள்ல ஒண்ணா? எழுதுடி."

அழுகின மத்திக்கு நான் மீன்காரனோடு முழு பஜாரும் கேட்கச் சண்டை போடுவேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். ஒரு வார்த்தை கூடிப்போனால் ஃபாரத்தைக் கிழித்துப் போட்டு, மலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயம். எழுதிவிட்டேன். 'நோ.' ரெண்டே எழுத்து. அவர் சொல்லித்தான் எழுதினேன், அது உண்மை. ஆனாலும் எழுதிய கை என் கைதானே.

அதோடு விட்டேனா? இங்கே எந்த ஆபீசுக்குப் போனாலும் ஒரு பேப்பர் குறைந்தால் திருப்பி அனுப்புவான். கூடினால் எவனும் திட்ட மாட்டான். அதனால் வீட்டு வரி ரசீது, பள்ளி ஜமாத்தின் கடிதம், கிடங்கு முதலாளியின் கடிதம் எல்லாம் ஃபைலில் வைத்தேன். மகளிடம் ரகசியமாகச் சொல்லி ஒரு கடிதம் எழுதி வாங்கி, அதையும் வைத்தேன். 'இவர்கள் என் தாய் தகப்பன், நான் பொறுப்பு' என்று அழகாக எழுதியிருந்தாள். ஃபாரத்தில் இல்லை என்று இருக்கிறதே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. படிக்கிற ஆபீசர் புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். அப்பன் கோபத்தில் இல்லை என்கிறான், மகள் இருக்கிறேன் என்கிறாள், எந்த வீட்டில்தான் இது இல்லை? எங்கள் வில்லேஜ் ஆபீசராக இருந்தால் சிரித்துக்கொண்டு சீல் குத்தியிருப்பார்.

விசா கிடைக்கவில்லை. கொடுத்த விவரம் நம்பும்படி இல்லை என்று தாளில் எழுதி அனுப்பிவிட்டார்கள். டிராவல்ஸ்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். "இத்தா, ஃபாரத்துல மகள் இல்லன்னு எழுதிட்டு, மகளோட லெட்டரையும் கூட வெச்சா எப்படி?"

வீட்டுக்கு வந்து பெரிய சண்டை. "எதுக்குடி அந்த லெட்டர வச்ச?" என்று அவர் கத்த, "எதுக்கு இல்லன்னு எழுதச் சொன்னீங்க?" என்று நான் கத்த, பக்கத்து வீட்டு ஜன்னலெல்லாம் திறந்தது. கடைசியில் அவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். "இனி எப்ப பாப்பேன்?" என்றார். ஆறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்தது அன்றைக்குத்தான்.

மகள் விடவில்லை. மறுப்புக்கு எதிராக எழுதிப் போடலாம், வக்கீலிடம் பேசியிருக்கிறேன், நீங்கள் கொடுத்த ஃபைலை ஒரு தாள் விடாமல் போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றாள். நான் போன் சரியில்லை, கண் சரியில்லை என்று நாளைக் கடத்தினேன். கெடு நெருங்கியது.

"அந்தத் தாள மட்டும் விட்டுட்டு அனுப்பு" என்றார் இவர்.

"அதத்தான் முக்கியமா கேக்கறா."

"அவ பாத்துடுவாளே." அவர் என் கையிலிருந்த போனைப் பிடித்துக்கொண்டார். "எம் புள்ள, அவள இல்லன்னு எழுதினதப் பாத்துடுவாளே. நான் சொல்லித்தான் எழுதினன்னு மட்டும் சொல்லிடாதடி. உன் கால்ல விழறேன்."

அனுப்பினால் ஒரு வழி பிறக்கும். அனுப்பாவிட்டால் ஒன்றுமே இல்லை. அனுப்பிவிட்டேன்.

கால் மணி நேரத்தில் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். இவர் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றார்.

"ம்மா," என்றாள். "இது உங்க எழுத்து."

என் எழுத்து அவளுக்குத் தெரியாதா? ஸ்கூலுக்கு லீவ் லெட்டர் எல்லாம் நான்தானே எழுதிக் கொடுத்தேன்.

"அத்தா தனக்குப் பிள்ளை இல்லன்னு சொல்லுவாரு, எனக்குத் தெரியும். பழகிடுச்சு. நீங்களுமா?"

சொல்ல வாய் வந்தது. பக்கத்தில் பார்த்தேன். தொப்பியைக் கழற்றி ரெண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, திருடி மாட்டின ஆள் மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் கதவு ஒரு நூல் இழை அளவு திறந்திருக்கிறது. இதைச் சொன்னால் அவள் மூடிவிடுவாள், இவரும் வெட்கத்தில் மூடிவிடுவார்.

"ஆமாண்டி," என்றேன். "நான்தான் எழுதினேன்."

"அத்தாவுக்குத் தெரியுமா?"

"அவருக்கு ஏது இங்கிலீஷ்? போடச் சொன்ன இடத்துல கையெழுத்துப் போட்டாரு."

 "போன அத்தாகிட்ட குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். அவர் போனைக் காதில் வைத்து, "தங்கம், சாப்பிட்டியா?" என்றார். அதற்கு மேல் ரெண்டு பேரும் அழுதார்கள். நானும் அழுதேன், ஆனால் அதை யாரும் பார்க்கவில்லை. இப்போது சொல்லிவிடுவார், இப்போது சொல்லிவிடுவார் என்று நின்றுகொண்டே இருந்தேன். ஒரு மணி நேரம் பேசிவிட்டு வைத்தார். சொல்லவில்லை.

இப்போதெல்லாம் அவள் தினமும் அவருக்குத்தான் போன் பண்ணுகிறாள். அவர் பள்ளிக்குப் போகிற நேரத்தில் என் போன் சும்மா கிடக்கிறது. நான் கூப்பிட்டால் எடுப்பாள். 'நல்லா இருக்கேன், டியூட்டில இருக்கேன்' அவ்வளவுதான். எழுதிப் போட்டதில் மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னார்கள். இந்தத் தடவை எல்லாம் அவளே அங்கிருந்து நிரப்பி அனுப்பினாள். விசா வந்துவிட்டது. அவருக்கு.

"உனக்கும் போடச் சொன்னேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "அப்புறம் பாக்கலாம்கறா. அவளுக்கு உன்னப் பாக்க இன்னும் மனசு வரலயாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்ன சொல்றது?"

என்ன சொல்வதா? அட மனுஷா! அன்றைக்குச் சண்டை போட என் உடம்பில் தெம்பில்லை. இவர் மேல் எனக்கு இருக்கிற கோபம் கொஞ்சநஞ்சமில்லை. என் பிள்ளையைப் பத்து மாசம் சுமந்ததும் நான், ஆறு வருஷம் ஒளித்து ஒளித்துப் பேசி விட்டுப்போகாமல் பிடித்து வைத்திருந்ததும் நான். சொல்ல எனக்கு வாய் இல்லாமல் இல்லை. ஒரு போன் போதும். ஆனால் அவள் குரலைக் கேட்கும்போது இவர் முகத்தில் வருகிற வெளிச்சத்தை நான் தினமும் பார்க்கிறேன். அதை அணைக்க எனக்குக் கை வரவில்லை.

வியாழக்கிழமை விமானம். சனிக்கிழமை மலை. நேற்று பெட்டி கட்டும்போது கேட்டேன்: "அந்த ஃபாரம் விஷயத்த அவகிட்ட எப்ப சொல்லப் போறீங்க?"

"மேல போனதும் மொதல்ல அதத்தான் சொல்லுவேன். சத்தியமா" என்றார்.

சரி என்றேன். முப்பத்துநாலு வருஷம் அவரோடு வாழ்ந்திருக்கிறேன். சொல்ல மாட்டார்.