நான்கு நாள் தங்கிய கடிதம்

கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே கமலாக்ஷி கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டுகிறார். வெளியே போகாமல் தேங்கி நிற்கும் மெயில்களின் பட்டியல் வருகிறது. அது காலியாக இருந்தால்தான் நாற்காலியில் உட்காருவார். "ஒண்ணும் தங்கப்படாது, கேட்டேளா" என்பார், நான் எதுவும் கேட்காமலே.

மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் ஏற்றுமதி செய்யும் அலுவலகம். தும்மாமல் படியேற முடியாது. எங்கள் அறைக்கு அடுத்த அறை அவருடையது. ஐம்பத்திரண்டு வயதாகிறது. கடிதம் தட்டச்சு செய்ய வந்தவர், ஆறு வருடமாக அலுவலக மெயிலெல்லாம் போய்வரும் லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்கிறார்.

அவர் தம்பி வெங்கிடராமன் சரக்குக் கப்பலில் இன்ஜினீயர். நடுக்கடலில் போன் கிடைக்காது, மெயில்தான். அப்பாவுக்கு மூச்சு முட்டிய அன்று, "உடனே வா" என்று இங்கிருந்துதான் எழுதினார். அந்த வாரம் அலுவலகக் கணினி ஒன்றில் வைரஸ் புகுந்து ஊருக்கெல்லாம் குப்பை மெயில் அனுப்பியிருந்தது. மற்ற சர்வர்கள் இந்த அலுவலகத்தையே சந்தேகித்து, இங்கிருந்து போன மெயிலையெல்லாம் "பிறகு வா" என்று வாங்காமல் நிறுத்திக்கொண்டிருந்தன. கடிதம் நான்கு நாள் இங்கேயே கிடந்தது. யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் தகனமும் முடிந்துவிட்டது.

"அப்போ கப்பலோட கொழும்புல ரெண்டு நாள் கெடந்தேன், அக்கா" என்றானாம் தம்பி, பிறகு போனில். "ஒரு மணி நேர பிளைட். ஒரு வரி எழுதப்படாதா?"

"எழுதினேன்டா."

"எழுதினா வராதா?"

அத்துடன் வைத்துவிட்டான். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

சர்வர் வேலையைக் கமலாக்ஷி தானே கேட்டு வாங்கிக்கொண்டார். மெயில் அனுப்பும் மென்பொருள்களில் முதலில் சென்ட்மெயில் போட்டுப் பார்த்தார். அதன் அமைப்புக் கோப்பு "வாயிலயே நொழையலை". பிறகு எக்ஸிம். கடைசியில் போஸ்ட்ஃபிக்ஸில் நின்றார். ஒவ்வொரு மெயிலும் எங்கே போனது, யார் வாங்கினார்கள் என்று லாக் என்னும் பதிவேட்டில் அது நேராக எழுதிவைக்கிறதாம். மெயில் தங்கினால் அதுவாகச் சொல்லாது, நாம்தான் சொல்லிவைக்க வேண்டும். பத்து நிமிடம் தங்கினால் எச்சரிக்கை வரும்படி வைத்திருக்கிறார்.

"பேசாம ஜிமெயிலுக்கு மாறலாம், சேச்சி" என்பான் உடன் வேலை செய்யும் அனில்.

"எங்கே நின்னுதுன்னு அவா எனக்குச் சொல்லுவாளா?"

தம்பிக்கு மாதம் ஒரு மெயில் எழுதுகிறார். பதில் வந்ததில்லை. தம்பி கம்பெனியின் சர்வர் குப்பையில் தள்ளுகிறதோ என்று, மெயிலில் இடும் டிஜிட்டல் கையொப்பத்தையெல்லாம் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு குறை கிடைக்கும். அன்று முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும்.

போன மாதம் குறை எதுவும் மிஞ்சவில்லை. அப்பாவின் சிராத்தத் தேதியை எழுதி, "வரியா?" என்று கேட்டு அனுப்பினார். நானும் நின்றிருந்தேன். லாக்கில் வரி விழுந்தது. அனில் குனிந்து படித்தான்.

"ரெண்டே செகண்ட். அவங்க சர்வர் வாங்கியாச்சு. போய்ச் சேர்ந்தது, சேச்சி!"

கமலாக்ஷி முந்தைய மாதங்களின் வரிகளை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும், வாங்கியாயிற்று என்ற அதே சொல்தான்.

"எல்லாமே போய்ச் சேர்ந்திருக்கு, அனிலே" என்றார். "ஆறு வருஷமா."

திரையில் தம்பியின் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தார். திரை தானாக அணைந்தது. விரலை எடுக்கவில்லை.