விழுந்து கும்பிட ஒரு கண்ணாடி

உடைந்தால் நான் சரியாக விழவில்லை என்பார் மாமா. உடையாமல் இருந்தால் தான் செய்தது அப்படி என்பார். இந்த நியாயத்தை அவரோடு பேசி ஜெயித்தவர்கள் எங்கள் வீட்டில் கிடையாது. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஸ்ரீரங்கத்தில் மற்ற பிள்ளைகள் கோடை விடுமுறையில் மாங்காய் தின்றார்கள். நான் முகத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கண்டவர் காலிலெல்லாம் விழுந்துகொண்டிருந்தேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. திருச்சியில் ரயில்வே ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. கல்யாணம் ஆகாதவர், எங்கள் வீட்டு மாடியறையில் குடியிருந்தார். பகலெல்லாம் பேனா பிடிக்கிற கை, வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரூடிரைவரைத் தேடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க்கடிகாரத்தை இன்னும் நன்றாக ஓட வைக்கிறேன் என்று அவர் இறக்கிய நாளிலிருந்து, கோயில் மணியைக் கேட்டுத்தான் எங்கள் வீட்டில் உலை வைத்தார்கள். அவர் காதில் விழும்படி எதையும் ரிப்பேர் என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். அந்தச் சட்டத்தை மீறியது அம்மா.

அக்கா பி.ஏ. முடித்திருந்தாள். பள்ளிக்கூடத்திலேயே அவளுக்குக் கிட்டப்பார்வை வந்துவிட்டது. கறுப்பு பிரேம் போட்ட சோடாபுட்டிக் கண்ணாடி. அதைக் கழற்றினால் எதிரே நிற்பது ஆளா தூணா என்று பேச்சுக் கொடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் தடவை பெண் பார்க்க வந்தபோது அம்மா அதைக் கழற்றி வாங்கிச் சமையலறையில் ஒளித்துவிட்டாள். அக்கா காப்பித் தட்டை வைத்தாள். பெரியவங்களைக் கும்பிட்டுக்கோம்மா என்று யாரோ சொன்னதும், வெள்ளை வேட்டி தெரிந்த திசையில் லட்சணமாக விழுந்து கும்பிட்டாள். அது அவர்கள் வந்த வாடகைக் காரின் டிரைவர். தண்ணீர் கேட்டு உள்ளே வந்து நின்ற மனுஷன். பாவம், "மகராசியா இரும்மா" என்று மனதார வாழ்த்திவிட்டுத் தண்ணீரைக்கூடக் குடிக்காமல் வாசலுக்கு ஓடிவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா காப்பியைத் தொடவில்லை.

அன்று மாலை அக்கா என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"மாப்பிள்ளை எப்படிடி இருந்தாரு?"

"வெள்ளைச் சட்டை போட்டிருந்தாரு."

"அது எனக்கே தெரிஞ்சுது."

மாமா பக்கத்தில்தான் ஊஞ்சல் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அம்மா சமயபுரத்துக்குப் போய், வெள்ளியில் கண்மலர் வாங்கி மாரியம்மன் உண்டியலில் போட்டுவிட்டு வந்தாள். வந்தவள் சும்மா இருந்திருக்கலாம். "கண்ணாடி போட்டும் இருக்கணும், போட்டது தெரியவும் கூடாது. அப்படி ஒண்ணு இருந்தாத் தேவலை" என்று பெருமூச்சு விட்டாள். மாமா படியில் உட்கார்ந்திருந்தார். தீர்ந்தது கதை.

பிரேமே இல்லாத கண்ணாடி அப்போதும் உண்டு. பெரிய வக்கீல்கள் போட்டுக்கொண்டிருப்பார்கள். லென்ஸிலேயே துளை போட்டு, நடுவில் மூக்குக் கம்பியும் இரண்டு ஓரத்திலும் காதுக் கம்பியும் குட்டித் திருகாணியால் முடுக்கியிருக்கும். மாமா என்னையும் இழுத்துக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டி பஸ்ஸில் கண்ணாடிக் கடைக்குப் போனார். கடைக்காரர் அக்காவின் பவரைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வக்கீல் தலை குனிய மாட்டாரு, போட்டுக்கலாம். இது பொம்பளப் பிள்ளை. விழுந்து கும்பிடணும்ல? இவ்வளவு கனத்துக்குத் துளைகிட்டயே விரிசல் விட்டுரும் சார். பவரைக் குறைச்சு மெல்லிசாப் போட்டுருங்க. ஒரு மணி நேரத்துக்குத்தானே?"

அம்மாவுக்கு இது பிடித்துப் போயிற்று. பவரே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, டிரைவர் யார், சம்பந்தி யார் என்று தெரிந்தால் போதும் என்றாள். பவரே இல்லாத கண்ணாடியில் அது எப்படித் தெரியும் என்று அப்பா கேட்டதற்கு, நீங்க சும்மா இருங்க என்றாள். மாமா மட்டும் ஒற்றைக் காலில் நின்றார். "பவர்ல கை வைக்க மாட்டேன். முழுப் பவர். அதுவும் உடையக்கூடாது." இப்படி ஒரு பிடிவாதத்தை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை. மெல்லிசுக் கண்ணாடி என்றால் அந்த வாரமே வேலை முடிந்திருக்கும், என் முட்டியும் பிழைத்திருக்கும்.

முதல் சிக்கல் துளை. திருச்சியில்தான் தோட்டுக்கும் மூக்குத்திக்கும் வைரம் மாதிரிக் கல்லைப் பட்டை தீட்டுகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்களே, அவர்களில் ஒருவரை மாமா பிடித்துவிட்டார். அவர் செம்பு ஊசி முனையில் எண்ணெயும் கல்பொடியும் தொட்டு வைத்து, சின்ன வில்லால் சுழற்றிச் சுழற்றித் துளை போடுவார். மாமா தோளுக்கு மேலே குனிந்து நின்று இன்னும் கொஞ்சம் உள்ளே, இன்னும் கொஞ்சம் வெளியே என்று யோசனை சொல்வார். "நீங்க சொல்றதா இருந்தா நான் வெத்திலை போட்டுட்டு வரேன் சார், நீங்களே போடுங்க" என்று அவர் வில்லைக் கீழே வைத்துவிட்டுப் போன நாளெல்லாம் உண்டு. துளை ஓரமாக இருந்தால் ஓரம் பெயர்ந்தது. உள்ளே தள்ளினால் கண்ணுக்கு எதிரிலேயே திருகாணி தெரிந்தது. முடுக்கினால் விரிசல் விட்டது, தளர்த்தினால் ஆடியது. கண்ணாடிக் கடையில் கழித்துப் போட்ட பழைய லென்ஸ்களையெல்லாம் மாமா வாங்கி வந்து தகர டப்பாவில் வைத்திருந்தார். விரிசல் எங்கே ஆரம்பிக்கிறது என்று சாப்பிடும்போதுகூட ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ரசம் ஆறிப்போகும், அம்மா கத்துவாள்.

இரண்டாவது சிக்கல் நான். ஒவ்வொரு மாதிரியையும் ஒரு முகத்தில் மாட்டிச் சோதிக்க வேண்டுமே. அக்காவின் முகத்தில் கீறல் விழக்கூடாதாம். என் முகத்தில் விழலாமாம். எனக்குக் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. கழித்துப் போட்ட லென்ஸ் வழியாகப் பார்த்தால் தரை ஒரு முழம் கீழே இறங்கும், கதவு தள்ளிப் போகும். அந்த லட்சணத்தில் ஓட வேண்டும், குதிக்க வேண்டும், தும்ம வேண்டும். முக்கியமாக விழுந்து கும்பிட வேண்டும். சும்மா தரையில் விழுந்தால் ஒப்புக்கொள்ள மாட்டார். "எதிர்ல ஆள் இருந்தாத்தான் தலை ஒழுங்காக் குனியும்" என்று ஒரு கண்டுபிடிப்பு. பால்காரம்மா வந்தால் விழு, வளையல்காரர் வந்தால் விழு. தபால்காரர் முதல் நாள் பயந்து இரண்டடி பின்னால் போனார், அப்புறம் பழகிக்கொண்டு சைக்கிள் மணியை அடித்துவிட்டு ஆசீர்வாதத்துக்குத் தயாராக நிற்பார். தெருவில் பிள்ளைகள் என்னைக் கண்டால் "கும்புடுறேன் சாமி" என்று கத்துவார்கள். அவமானமாக இருந்தது. அம்மாவிடம் அழுதேன். அக்காவுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கோ என்றாள். அக்காவிடம் அழுதேன். அவள் முட்டிக்கு மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள்தான்" என்றாள். நிறுத்தச் சொல்லி அவளும் மாமாவிடம் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு நாள் மாமா மாடியிலிருந்து கத்திக்கொண்டே இறங்கி வந்தார். அத்தனை நாளும் திருகாணிதான் கனத்தையெல்லாம் தாங்கிக்கொண்டிருந்ததாம். லென்ஸின் ஓரத்தை அணைத்துப் பிடிக்கிற மாதிரி இரண்டு பக்கமும் ஒரு குட்டித் தகட்டை வளைத்து வைத்தார். கனம் தகட்டில் உட்கார்ந்தது, திருகாணிக்கு நழுவாமல் பார்த்துக்கொள்கிற வேலை மட்டும் மிச்சம். தகட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் போட்டோ பிலிமில் வெட்டிய மெல்லிய வளையம். மூக்குக் கம்பி வில் மாதிரி வளைந்து கொடுத்தது. "கண்ணாடி வளையாது. அப்ப கம்பிதானே வளையணும்? இத்தனை நாள் இது புரியலையே!" என்று அப்பாவைப் பிடித்து உலுக்கினார். அப்பா வளைந்து கொடுத்தார்.

நான் விழுந்தேன். மறுபடி விழுந்தேன். ஊஞ்சலிலிருந்தே விழுந்தேன். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு விடுதலை கிடைத்தது.

எடமலைப்பட்டி புதூரிலிருந்து வந்தது இரண்டாவது வரன். மாப்பிள்ளைக்கு பாங்கில் வேலை. இந்தத் தடவை டிரைவரை வாசலோடு நிறுத்தி அங்கேயே சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டார் அப்பா. அக்கா வந்தாள். முகத்தில் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை, திரும்பும்போது ஓரம் லேசாக மினுங்கியதோடு சரி. மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து, அவரையேதான் பார்த்து, விழுந்து கும்பிட்டாள். மாமா கதவிடுக்கில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் மூக்கை மட்டுமே கவனித்துக்கொண்டிருந்தார். எழுந்து உள்கட்டுக் கதவோரம் போய் நின்றாள். கண்ணாடி அசையவில்லை. கதவுக்குப் பின்னால் அவர் தொடையைத் தட்டிக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது.

மாப்பிள்ளையின் அம்மா நல்ல வாயாடி. எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. கேசரியைப் புகழ்ந்தார், என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார், பிள்ளையின் பெருமையில் ஆரம்பித்துச் சின்ன வயசுக்குப் போய்விட்டார். "இருட்டுன்னா இவனுக்கு ஒரே பயம். என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டான், ஒரு நாள் என்ன பண்ணினான் தெரியுமா..." என்றார். மாப்பிள்ளை திரும்பி அவரைப் பார்த்தார். உதட்டில் சிரிப்புகூட அப்படியே இருந்தது. அந்த அம்மாள் கதையைப் பாதியில் விட்டார். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். "நான் என்னத்தையோ பேசிக்கிட்டு" என்று முணுமுணுத்தவர், கிளம்புகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அம்மா இரண்டாம் தடவை வைத்த கேசரியைத் தொடவும் இல்லை.

அவர்களுக்குப் பூரண சம்மதம். வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினார்கள். அம்மா ஆனந்தக் கண்ணீரோடு உள்ளே வந்தாள். கூடத்தில் நின்றுகொண்டிருந்த அக்கா, "எனக்கு வேணாம்மா" என்றாள்.

அதற்கப்புறம் நடந்ததை எழுதினால் பக்கம் போதாது. என்ன குறை என்று அப்பா கேட்டார். "குறை ஒண்ணும் இல்லப்பா. பார்த்தேன். வேணாம்" என்பதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை பெயரவில்லை. அம்மாவின் கோபமெல்லாம் மாமா தலையில் இறங்கியது.

"பொண்ணை அவங்க பார்க்கணும்னுதானேடா கண்ணாடி கேட்டேன்? இவ அவங்களைப் பார்க்கவா கேட்டேன்? அப்பவே சொன்னேன், பவரைக் குறைடான்னு!"

நியாயம் பேசுவதை விட்டுவிட்டு மாமா மாடிப்படி ஏறியது அன்று ஒரு நாள்தான். அம்மா அவரோடு அந்த மாதம் முழுக்கப் பேசவில்லை. எனக்கும் ஆத்திரம் தாங்கவில்லை. இவள் வேண்டாம் என்று சொல்வதற்கா நான் ஊரார் காலிலெல்லாம் விழுந்தேன்? கொல்லைப்புறம் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டேன். அக்கா தேடிக்கொண்டு வந்தாள். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தபடி கேட்டாள்.

"அவங்கம்மா சட்டுனு பேச்சை நிறுத்தினாங்களே, நீ பார்த்தியா?"

நான் பார்த்தேன். கூடத்துக்கு அந்தப் பக்கம், உள்கட்டுக் கதவோரம் நின்ற அவளுக்கே தெரிந்தது என்றால், கை எட்டுகிற தூரத்தில் இருந்த எனக்குத் தெரியாமல் இருக்குமா? மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தது, அந்த அம்மாள் முந்தானையை இழுத்து மூடியது, எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது.

"பார்த்தேனே. பாவம், வெயில்ல வந்தது, களைச்சுப் போயிருப்பாங்க" என்றேன். அந்த அம்மாள் தொடாமல் விட்ட கேசரியைத்தான் அப்போது தின்றுகொண்டிருந்தேன்.